காண்போர் கடன்

2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளன்று மாலை, நம்மிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். கோவையில் கரும்புக்கடையில் குடியிருப்பவர். ஒரு நூற்பாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர். அந்த ஜூன் மாதத்தின் முற்பகுதியில் இத்தாலி நாட்டு மிலான் நகரில் நடைபெற்ற நெசவு இயந்திரக் கண்காட்சிக்கு ஆலையார் அவரை அனுப்பியிருந்தனர். வேலை முடிந்ததும் இரண்டு நாள் விடுப்புப் பெற்று, உரோமாபுரியையும் சுற்றிப் பார்த்துத் திரும்பியிருந்தார்.

பெருநாள் பலகாரத்தை ஒருபுறம் வைத்துவிட்டுத் தம் கைப்பேசியை எடுத்துப் படங்களைக் காட்டத் தொடங்கினார். ஏறக்குறைய நானூறு படங்கள். எல்லாவற்றிலும் அவரே நின்றார். அவர் தோளுக்கு மேலாக ஒரு தூண், காதோரத்தில் ஒரு வளைவு, தலைக்குப் பின்னால் ஒரு கோபுரம் என்று உரோமாபுரி எட்டி எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தது. "நீர் உரோமாபுரியைப் பார்த்தீரோ இல்லையோ, உரோமாபுரி உம்மை நன்றாகப் பார்த்திருக்கும்" என்று நாம் வேடிக்கையாகச் சொன்னோம். அவரும் சிரித்தார்.

பிறகு அவர் முகம் மாறிற்று. கொலோசியம் என்னும் வட்ட அரங்கின் படத்தைக் காட்டி, அந்த வாரத்துப் பத்திரிகைகளில் வந்த ஒரு செய்தியைச் சொன்னார். சுற்றுலா வந்த ஓர் இளைஞன் அந்த அரங்கின் சுவரில் சாவியால் தன் பெயரையும் தன் காதலியின் பெயரையும் கீறினான். அருகில் நின்ற ஒருவர் அதைப் படம் பிடித்துவிட்டார். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. (பின்னர் அவ்விளைஞன் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தில், அந்தக் கட்டிடம் அத்தனை பழைமையானது என்பது தனக்குத் தெரியாது என்று கூறியதாக அறிந்தோம். தெரியாமல் அங்கே எதைப் பார்க்கப் போனான் என்பதே நம் ஐயம்.) "நான் நின்ற அதே இடம், ஹஜ்ரத்! இவனையெல்லாம் சும்மா விடலாமா?" என்று நம் மாணவர் கொதித்தார். கூடியிருந்தோர் அனைவரும் ஆமோதித்தனர். நாம் மட்டும் பேசாதிருந்தோம். அவர் அதைக் கவனித்துவிட்டார். ஆகவே, அதுகாறும் எந்த மாணவரிடத்தும் சொல்லாத ஒன்றை அன்று சொல்ல நேர்ந்தது. வாசக அன்பர்களிடமும் அதை மறைப்பதற்கில்லை.

1988ஆம் ஆண்டு, நாம் மதரஸாவில் ஓதிக் கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஹஜ்ரத் மாணவர்களை ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அழைத்துச் சென்றார். சத்தியமங்கலம் கடந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்து, சாமராசநகர் வழியாக நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். திப்பு சுல்தானின் பெயரைக் கேட்டாலே நெஞ்சு நிமிரும் வயது. காவேரியின் இரு கிளைகளுக்கு நடுவே அந்தத் தீவு. கோட்டைக்குள்ளே அரங்கநாதர் ஆலயம். சற்றுத் தொலைவில் இரண்டு மினாராக்களுடன் ஜும்ஆப் பள்ளிவாசல். 1799 மே 4 அன்று சுல்தானின் உடல் கிடந்த இடம். தரியா தௌலத் என்னும் கோடை மாளிகையின் மேற்குச் சுவர் முழுதும், 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேயர் தோற்ற போர் தீட்டப்பட்டிருக்கிறது. சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக நெருங்கி நிற்க, வெடிமருந்து வண்டி தீப்பற்ற, பல்லக்கில் காயத்தோடு அமர்ந்திருக்கிறார் கர்னல் பெய்லி. நாங்கள் அந்தச் சுவரின் முன் துள்ளினோம்.

எங்கள் ஹஜ்ரத் துள்ளவில்லை. "படத்தில் தோற்றவன் பிறகு எங்கே இருந்தான் என்பதையும் பார்க்க வேண்டும்" என்று கூறி, கோட்டைச் சுவரை ஒட்டித் தாழ்வாகக் கிடக்கும் நிலவறைக்கு அழைத்துச் சென்றார். பெய்லியின் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. அந்தக் கர்னல் 1782இல் சிறையிலேயே மாண்டவர். "இவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள்" என்றார் ஹஜ்ரத். வெளியே வெயில் தீய்க்க, உள்ளே ஈரம் கசிந்தது. எல்லோரும் சற்று நேரம் வாய்மூடி நின்றோம்.

அந்த அமைதியில்தான் நாம் அதைச் செய்தோம். காலடியில் கிடந்த ஆணி ஒன்றை எடுத்து, தூணின் மறுபுறத்துச் சுண்ணக் காரையில் நம் பெயரை அரபியில் பொறித்தோம். அக்காலத்தில் நமக்கு நஸ்க் எழுத்து நன்றாக வரும்; அந்த இறுமாப்பும் சேர்ந்து கொண்டது. இறுதி எழுத்தை வளைத்துக் கொண்டிருந்தபோது ஹஜ்ரத்தின் நிழல் விழுந்தது. அடிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் தம் தோள் துண்டால் அந்த எழுத்துக்களைத் துடைத்துப் பார்த்தார். அவை போகவில்லை. பிறகு நம்மைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ பார்க்க வந்தாயா, பார்க்கப்பட வந்தாயா?"

பல ஆண்டுகள் கழிந்து, நாமே ஆசிரியராகி நம் மாணவர்களோடு அங்கே சென்றபோது, அந்தத் தூணின் பின்புறத்தை யாரும் அறியாமல் தேடினோம். பெயர் இல்லை. புதுக்காரை பூசிவிட்டார்களோ, நம் நினைவே தூணை மாற்றிவிட்டதோ, அறியோம். ஆறுதல் அடைந்திருக்க வேண்டும், ஆயினும் அடையவில்லை.

இதைக் கேட்ட நம் மாணவர் தலை குனிந்திருந்துவிட்டு, ஓதிய பிள்ளையாதலால், தர்க்கம் செய்யத் தொடங்கினார். "ஹஜ்ரத், ஒரு சந்தேகம். சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டிய பானை ஓடுகளில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய மனிதர்கள் தம் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கீறி வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கண்டெடுத்துக் கொண்டாடுகிறோமே! அவர்கள் செய்தால் சரித்திரம், நாம் செய்தால் குற்றமா?"

தள்ளிவிடத்தக்க கேள்வியன்று. அவர் தரப்புக்கு நாமே இன்னும் வலுவான சான்று தர முடியும். அரபு நாட்டில் அல்உலாவுக்கு அருகே ஒரு பாறையில் ஸுஹைர் என்பவர் ஹிஜ்ரி 24ஆம் ஆண்டில் தம் பெயரைப் பொறித்திருக்கிறார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மறைந்த காலத்தில் தாம் இதை எழுதியதாகக் குறித்திருக்கிறார். காலம் குறித்த இஸ்லாமியக் கல்லெழுத்துக்களில் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்றாக அதைப் போற்றுகிறார்கள். யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செங்கடலில் கப்பலோட்டிய நம் தமிழ் வணிகரும் சளைத்தவரல்லர். எகிப்தின் துறைமுகமான குஸைர் அல்கதீமில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் கீறிய ஓடுகள் கிடைத்துள்ளன. மனிதன் போகுமிடமெல்லாம் தன் பெயரைப் போட்டுவிட்டு வரும் பிராணி போலும்!

ஆயினும் வேறுபாடு உண்டு. கண்ணனும் சாத்தனும் தத்தம் பாண்டத்தில் எழுதினார்கள். ஸுஹைர் யாரும் செதுக்காத வெறும் பாறையில் எழுதினார். தம் பெயரோடு தம்மினும் பெரிய ஒரு துயரத்தையும் எழுதினார். கொலோசியத்து இளைஞனும் நாமும் பிறர் கட்டிய சுவரில், பிறர் துன்புற்ற இடத்தில், நம்மைத் தவிர வேறெதையும் எழுதவில்லை. அந்தச் சுவர் திப்புவுக்கும் பெய்லிக்கும் மட்டும் உரியதன்று. நமக்குப் பின்னர் அதைக் காண வருவோருக்கும் உரியது. ஆகவே அது அமானிதம். அமானிதத்தில் நம் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்வது எந்தச் சட்டத்திலும் ஆகாது. இவ்வளவும் சொன்னோம். ஸுஹைரின் உள்ளத்திலும் சிறிது பெருமை இருந்திருக்குமோ என்று மாணவர் கேட்டதற்கு மட்டும் நம்மிடம் விடையில்லை. உள்ளத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே.

கீறுவது மட்டுமே குற்றம் என்றால் பேச்சு இத்துடன் முடிந்தது. நானூறு படம் எடுத்தவர் எந்தச் சுவரையும் தொடவில்லையே! ஆனால் ஹஜ்ரத்தின் கேள்வி ஆணியைப் பற்றியதன்று. கைப்பேசி வந்த பிறகு ஆணிக்கு வேலையில்லாமற் போயிற்று. ஆசை அப்படியே இருக்கிறது.

கொலோசியத்தையே எடுத்துக்கொள்வோம். கி.பி. 80இல் திறக்கப்பட்ட அந்த அரங்கு, காண்பதற்கென்றே கட்டப்பட்டது. சுமார் 50,000 பேர் அமர்ந்து, மனிதன் மனிதனைக் கொல்வதையும், விலங்கு மனிதனைக் கிழிப்பதையும் கண்டு களித்தார்கள். அவர்களுள் எவரும் வாள் ஏந்தியவரல்லர், பார்த்தவர் மட்டுமே. பார்ப்பது எந்தப் பொறுப்பும் இல்லாத செயல் என்று எண்ணுவோர் அந்தப் படிக்கட்டுகளில் சற்று நேரம் உட்கார்ந்து சிந்திப்பது நல்லது. அங்கே போய்ச் சிரித்த முகத்தோடு படமெடுத்துத் திரும்புகிறவரை நாம் குறைகூற வரவில்லை. எந்த இடத்தில் நிற்கிறோம் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியதா என்றே கேட்கிறோம். மாணவர் சிறிது யோசித்து, "வழிகாட்டி சொன்னார், ஹஜ்ரத். ஆனால் வரிசை நகர்ந்து கொண்டே இருந்தது" என்றார். உண்மையான பதில்.

பூமியில் பயணம் செய்து, முன்னிருந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று நோக்குமாறு திருமறை பல இடங்களில் ஏவுகிறது. குருடாவது கண்களல்ல, நெஞ்சங்களே என்னும் கருத்தும் அப்படிப்பட்ட ஓரிடத்திலேயே வருகிறது. ஆகவே ஊர் பார்ப்பதை வீண் என்று நம் முன்னோர் எண்ணியதில்லை. ஆனால் பார்வைக்கு ஓர் ஒழுங்கு வைத்தார்கள். தபூக் பயணத்தின்போது, ஸமூது கூட்டத்தார் மலையைக் குடைந்து வாழ்ந்த ஹிஜ்ர் வழியே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செல்ல நேர்ந்தது. அழுதவர்களாகவே அன்றி அந்த இல்லங்களுக்குள் நுழைய வேண்டாம் என்று தோழர்களைத் தடுத்தார்கள். தாமும் தலையைப் போர்த்திக்கொண்டு விரைந்து கடந்தார்கள். அவ்விடம் 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இன்று உலகெங்கிலும் இருந்து சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். செல்லலாமா கூடாதா என்ற சட்டப் பேச்சை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது, ஒரு பாழூரைக் காண்பதற்கும் கண்ணீருக்கும் அங்கே சொல்லப்பட்ட தொடர்பு.

அரபு மொழி இதைத் தன் வேர்ச்சொல்லிலேயே வைத்திருக்கிறது. 'உபூர்' என்றால் கடத்தல். ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரை சேர்தல். அதே வேரிலிருந்து பிறந்தது 'இப்ரத்'. நாம் படிப்பினை என்று மொழிபெயர்ப்பது. கண்ட பொருளிலிருந்து கடந்து காணாத பொருளுக்குச் செல்வதே இப்ரத். இப்னு கல்தூன் தம் பெரிய சரித்திர நூலுக்கு இச்சொல்லின் பன்மையையே பெயராக வைத்தார். அதே வேரில் 'அப்ரத்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. கண்ணீர்த்துளி என்பது அதன் பொருள். கண்ணின் கரையைக் கடந்து வருவதன்றோ அது! தமிழிலும் பார்த்தல் வேறு, நோக்குதல் வேறு. பார்ப்பதற்குக் கண் போதும்.

இத்தாலியின் வேறொரு பழம்பதியைக் கண்ட ஒருவரை நம் மாணவருக்கு நினைவூட்டினோம். கிரானடாவைச் சேர்ந்த இப்னு ஜுபைர் ஹஜ் முடித்துத் திரும்புகையில், 1184 டிசம்பரில், சிசிலித் தீவின் மெஸ்ஸினாக் கரையருகே கப்பல் உடைந்தது. கரை சேர்க்கும் படகுக்காரருக்குக் கூலி கொடுக்க வழியில்லாத ஏழை முஸ்லிம்களுக்காக, கிறிஸ்தவ அரசன் இரண்டாம் வில்லியமே பணம் தரச் செய்தான் என்று அவர் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார். பிறகு பலெர்மோ நகரை அடைந்து, கிறிஸ்துமஸ் நாளில் அங்குள்ள ஒரு தேவாலயத்தைக் கண்டார். பொன்னும் வண்ணப் பளிங்கும் இழைத்த அதன் சுவர்களை, உலகின் அதிசய வேலைப்பாடுகளுள் ஒன்று என்னும்படி வருணித்தார். ஒரு காலத்தில் முஸ்லிம்கள் ஆண்ட நகர் அது. அங்கே எஞ்சியிருந்த நம்மவரின் நிலை கண்டு அவர் நெஞ்சு வெந்ததும் அதே ஏடுகளில் இருக்கிறது. அவ்வாலயத்தில் பாங்கொலி எழ வேண்டும் என்ற தம் ஆசையையும் மறைக்கவில்லை. கசப்பு இருந்தது, ஆனால் கசப்புக்காக அழகைக் குறைத்து எழுதவில்லை. நாம் பொள்ளிலூர்ச் சுவரின் முன் துள்ளியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! வில்லியம் காலத்துப் பலெர்மோவை அறிய விரும்புவோர் இன்றும் அவருடைய ஏடுகளைத்தான் புரட்டுகிறார்கள். அவர் எந்தச் சுவரிலும் பெயர் எழுதியதாகத் தெரியவில்லை.

மாணவர் வெகுநேரம் படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒரு படத்தில் நிறுத்தி, "இதில் நான் இல்லை, ஹஜ்ரத்" என்றார். அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையில் கிடந்த வெள்ளிக் காசுகள். ஆகஸ்டஸ், திபேரியஸ் என்னும் பேரரசர்களின் தலை பொறித்தவை. "இவற்றைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது" என்றார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. அவர் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது வெள்ளலூர். அங்கே 1842இலும் 1891இலும் மண்ணுக்குள்ளிருந்து ஒவ்வொரு முறையும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1931இலும் ஒரு புதையல் கிடைத்தது. பெரும்பாலானவை அதே ஆகஸ்டஸ், அதே திபேரியஸ். கொலோசியம் கட்டப்படுவதற்கு முன்பே அச்சடிக்கப்பட்ட காசுகள்! மேற்குக் கடற்கரையின் முசிறியில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்து, நொய்யல் கரையோடு கொடுமணலையும் கரூரையும் நோக்கிச் சென்ற பெருவழியில் இருந்த ஊர் அது. காங்கயத்தை அடுத்த படியூரில் வெட்டியெடுத்த பச்சைக் கற்களை உரோமாபுரிச் சீமாட்டிகள் அணிந்தார்கள். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி என்னும் அந்நாட்டு அறிஞர் புலம்பி எழுதும் அளவுக்கு அன்று வாணிபம் நடந்தது.

"வெள்ளலூரா? குப்பைக் கிடங்கு வெள்ளலூரா?" என்றார் மாணவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கோவை மாநகரின் குப்பை போய்ச் சேரும் இடமாகவே நம் நகரத்தார் அவ்வூரை அறிவர். நாமும் இச்செய்திகளைப் புத்தகத்தில் படித்திருந்தோமே தவிர, அந்நாள் வரை அவ்வூரில் கால் வைத்ததில்லை. பிறரைக் கேட்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தம் வண்டியில் நம்மை அழைத்துச் சென்றார். போத்தனூரைத் தாண்டியதும் காற்றில் புகையும் நாற்றமும் கலந்து வந்தன. தேனீசுவரர் கோயிலை வெளியிலிருந்து பார்த்தோம். நொய்யலில் நீர் என்று சொல்லத்தக்கது குறைவு, நுரை இருந்தது. காசு கிடைத்த இடம் இதுதான் என்று காட்டும் கல்லோ பலகையோ எங்கள் கண்ணில் படவில்லை. எங்கு நோக்கினும் வேலிக்கருவை, ஆங்காங்கே தென்னை, புதிதாக மனை பிரித்து நட்ட எல்லைக் கற்கள். மாணவர் பழக்கத்தால் கைப்பேசியை எடுத்து, எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஆடு மேய்த்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நெருங்கி வந்தார். "ஏனுங்க, ஆரைப் பாக்க வந்தீங்க?"

"யாரையும் இல்லைங்க. ஊரைப் பார்க்க வந்தோம்" என்றோம்.

"இங்க என்னத்தைங்க பாக்கறது? குப்பைக் கெடங்கு அக்கட்டால இருக்குதுங்க" என்று கையைக் காட்டினார். பழைய காசு ஏதேனும் கண்டதுண்டா என்று மாணவர் கேட்டார். காசு கண்டதில்லை என்றார் பெரியவர். சிறு வயதில் மழை பெய்து ஓய்ந்தால், காட்டில் ஓட்டாஞ்சல்லியும் நிறம் நிறமான பாசிகளும் கிடக்கும், பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்கள் என்றார். அந்தப் பாசிகள் இப்போது எங்கே என்று கேட்டோம். "அதையெல்லாம் ஆருங்க வெச்சிருக்கறாங்க" என்று சிரித்தார். அருகிலிருந்த வேம்பின் நிழலைக் காட்டி எங்களை உட்காரச் சொல்லி, தம் தூக்குச்சட்டியிலிருந்த மோரை மூடியில் ஊற்றி நீட்டினார். மாணவர் இரு கைகளாலும் வாங்கிக் குடித்தார்.

"எந்த ஊருங்க நீங்க?"

"கோயம்புத்தூர்தானுங்க."

"கோயமுத்தூரா? இத்தனை நாளா இந்தப் பக்கம் வரவே இல்லீங்களா?"

"இல்லைங்க" என்றோம்.